ஐம்பத்தோராவது பிள்ளை

போர், பஞ்சம், கொள்ளைநோய் மூன்றும் சேர்ந்து மனித குலத்துக்குச் செய்த தீங்கைவிட ‘நாளைக்கு வாங்க’ என்ற இரண்டு சொற்கள் செய்த தீங்கு அதிகம். இது நான் நேரடியாக ஆராய்ந்து கண்ட உண்மை. ஆராய்ச்சி நடந்த இடம் எங்கள் வீடு. ஆராய்ச்சிக்கு உட்பட்டவர் என் அப்பா. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து, ஒரு சிறிய நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு மனிதர்களை நாளைக்கு வரச் சொன்னவர்.

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து உயிருள்ளவரை வராது என்று கல்லூரிக் கடைசி ஆண்டு விழாவில், மைக்கைப் பிடித்துச் சபதம் செய்தேன். அதற்கு முன்னால் பத்து நிமிடம் அப்பாவை நடித்துக் காட்டியிருந்தேன். கண்ணாடி மூக்கு நுனியில். பேனா மூடியைக் கழற்றுவது, ஒன்றும் எழுதாமல் திரும்ப மூடுவது. மேசை இழுப்பறையைப் பாதி திறந்து உள்ளே எதையோ உற்றுப் பார்ப்பது. எதிரே நிற்பவரின் முகத்தைத் தவிர அறையில் உள்ள எல்லாவற்றையும் பார்ப்பது. கடைசியில் அந்த இரண்டு சொற்கள். அரங்கம் அதிர்ந்தது, முதல் பரிசு கிடைத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவும் கை தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

“பேனா மூடிய நான் இடது கையால கழட்டுவேன். நீ வலது கையால கழட்டுற.”

படிப்பு முடிந்து பதினொரு மாதம் வீட்டில் பாயைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு வேலை கொடுத்தது சிறு வகுப்புத் திட்டம். தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் நோக்கம். நோக்கம் அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது, சிரிக்கும் குழந்தையின் படத்துக்குக் கீழே. உள்ளே நாற்பது பக்கத்துக்கு விதிகள். விதிப்படி, ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால்தான் அதை இரண்டு பிரிவாக்கக் கூடுதல் ஆசிரியர் ஒருவருக்குப் பணம் வரும். ஐம்பத்தொரு பேர் என்றால் நெரிசல், அரசாங்கம் வருத்தப்படும். ஐம்பது பேர் என்றால் காற்றோட்டம்.

எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சரியாக ஐம்பத்தொரு பேர். அந்தக் கூடுதல் ஆசிரியர் நான்.

ஐம்பத்தொன்றைப் பிரித்தால் ஒரு பக்கம் இருபத்தாறு வந்துவிடுமே, அதுவும் விதிமீறல்தானே என்று வேலையில் சேர்ந்த அன்றே தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, உன்ன கணக்குப் பாக்கவா எடுத்தோம்?” என்றார். கணக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் எடுத்திருந்தார்கள்.

திட்டத்தில் ஆசிரியருக்குப் பணம் உண்டு, அறைக்கு இல்லை. அறை வேறு தலைப்பில் வருமாம். அந்தத் தலைப்பு இன்னும் வரவில்லை. ஆகவே இரண்டாம் வகுப்பு அறையின் நடுவில் இரண்டு இரும்பு அலமாரிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, இடைவெளியில் ஒரு ஒட்டுப்பலகையைச் சொருகி, அந்தப் பக்கம் ‘அ’ பிரிவு, இந்தப் பக்கம் ‘ஆ’ பிரிவு என்று எழுதி ஒட்டினோம். ஜன்னல் அவர்களுக்கு, கதவு எங்களுக்கு. அவர்கள் வெளியே போக எங்களைத் தாண்ட வேண்டும். நாங்கள் மூச்சு விட அவர்களைக் கேட்க வேண்டும்.

‘அ’ பிரிவு சைரன் டீச்சருடையது. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, மூன்று தலைமுறைப் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் ஐம்பது பேருக்குப் பாடம் எடுத்த தொண்டை அது. இருபத்தாறு பேர் போதும் என்று அதற்கு இன்னும் யாரும் தெரிவிக்கவில்லை. அவர் அலமாரிக்கு அந்தப் பக்கம் “ஏழோட எட்டு?” என்று கேட்டால் என் பிள்ளைகள் “பதினஞ்சு” என்பார்கள். நான் பதில் சொல்லத் தெரியாமல் முழித்த கேள்விகளுக்கும் அந்தப் பக்கத்திலிருந்தே விடை வந்திருக்கிறது.

என் இருபத்தைந்து பேரில் கடைசி ஆள் ஒரு பெண். பதிவேட்டில் ஐம்பத்தொன்றாம் எண். முதல் வகுப்பு முழுக்க, ஒரே அறையில் ஐம்பத்தொரு பேராக இருந்தபோது, அவள் வாயையே திறக்கவில்லை. அப்போதும் அவர்களுக்கு ஆசிரியராக இருந்த சைரன் டீச்சர் அவளுடைய மதிப்பீட்டு அட்டையில் ‘பேச வராது’ என்று எழுதியிருந்தார். எழுத்து அழகாக இருந்தது. என்னிடம் வந்த மூன்றாவது வாரம் அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். காதில் காற்று மாதிரி ஒரு குரல்.

“சார், பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க.”

காலையிலிருந்து மாற்றித்தான் போட்டிருந்தேன். தலைமையாசிரியை, சைரன் டீச்சர், பியூன் உட்பட யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ரகசியம் என்று பெயர். எந்தக் கேள்வி கேட்டாலும் எழுந்து வந்து என் காதில் விடை சொல்லிவிட்டுப் போய் உட்காருவாள். எல்லாம் சரியான விடை. நாள் போகப் போகக் காதுக்கும் வாய்க்கும் நடுவே இருந்த தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முதலில் ஒரு சாண், அப்புறம் ஒரு கை நீளம், அப்புறம் ஒரு பெஞ்சு. சென்ற மாதம் ஒருநாள் தன் இடத்தில் நின்றபடியே பாடப் புத்தகத்தில் ஒரு முழு வரியைச் சத்தமாக வாசித்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் சட்டென்று அமைதியானது. சைரன் டீச்சர் கையில் சுண்ணக்கட்டியோடு சுற்றி வந்து பார்த்தார். அவள் வாசித்து முடிக்கும் வரை நின்றார்.

“ஒரு வருஷம் என் முன்னாடி உக்காந்திருந்தா தம்பி,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அந்தத் தொண்டையில் அப்படி ஒரு குரலும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. “அம்பத்தோரு தலையில இவ தலை எதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எண்ணும் நாள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில், காலை பதினோரு மணிக்கு, அதிகாரி வந்து பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுவார். பெயர்களை மட்டும். பெயர் இருந்து பிள்ளை வரவில்லை என்றால் பிள்ளை உண்டு. பிள்ளை வந்து பெயர் இல்லை என்றால் பிள்ளை இல்லை. அன்றைய எண்ணிக்கையை வைத்து ஒரு வருடத்துக்குப் பிரிவுகள் முடிவாகிவிடும். அதுவரை என் வேலையும் தற்காலிகம்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரகசியத்தின் அம்மா வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவர். விரல் நுனியில் எப்போதும் ஒரு நூல் துண்டு ஒட்டியிருக்கும். காலர் பிரிவை முழுசாக வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், ஆறு மணி நேரப் பயணம், திங்கட்கிழமை அங்கே வேலைக்கு நிற்க வேண்டும், பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். அங்கே ஒரு பள்ளியில் பேசியும் வைத்துவிட்டாராம்.

“வகுப்புல இருபத்தி மூணு பேர்தானாம் சார். வெள்ளிக்கிழமை காலைல பேரச் சேத்துட்டா அதுல போடுவாங்க. அதுக்கப்புறம் போனா பெரிய வகுப்புதான்னு சொல்லிட்டாங்க. அது அறுபது பேராம்.” விரலில் இருந்த நூலைச் சுருட்டியபடி, “இவ மறுபடி வாய மூடிருவா சார்,” என்றார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பள்ளியில் சான்றிதழ்கள் எழுதுவது என் வேலை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மேசையில யாரையும் நாளைக்கு வாங்கன்னு சொல்ற வழக்கம் கிடையாதும்மா, பத்து நிமிஷம் உக்காருங்க என்றேன். குரலில் கொஞ்சம் மேடை வாடை அடித்திருக்கும். ஏழே நிமிடத்தில் எழுதி, தலைமையாசிரியையிடம் கையெழுத்துக்கு எடுத்துப் போனேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஐம்பத்தொண்ணுல ஒண்ணு போனா எவ்வளவு தம்பி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஐம்பது என்றால் காற்றோட்டம். ‘ஆ’ பிரிவு இருக்காது. என் மீதி இருபத்து நான்கு பேரும் அலமாரியைச் சுற்றிப் போய் சைரன் டீச்சர் முன்னால் உட்காருவார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்காருவேன். இந்த இரண்டில் எது முதலில் என் நினைவுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்வதாகவும் இல்லை.

வெளியே வந்து, கையெழுத்து ஆகவில்லை, வியாழக்கிழமை மூன்றரைக்குத் தயாராக இருக்கும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். வியாழன் என்பது நாளை அல்ல, நாளை மறுநாள். சபதம் சேதமில்லாமல் இருந்தது. வியாழன் மாலை ஐந்து மணிப் பேருந்தில் கிளம்பினால் சரியாக இருக்கும் சார் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

புதன்கிழமை காலை விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். திட்டத்துக்கு என்று தனி ஜன்னல் இருந்தது. உள்ளே இருந்தவர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஒரே ஒரு பிள்ளைதான் குறைகிறது என்று விளக்கினேன். ஒன்றாக இருந்தாலும் குறைவு குறைவுதான் என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாமா என்றேன். தாராளமாகப் போடலாம் என்றார். இரண்டு பிரிவு உள்ள பள்ளிகள் மட்டும் மனுப் போடலாம், மனுவை எண்ணும் நாளுக்குப் பிறகுதான் வாங்குவார்கள். எண்ணும் நாளில் ஐம்பது என்று வந்துவிட்டால் எங்களுக்கு இரண்டு பிரிவு இருக்காதே, அப்புறம் எப்படி மனுப் போடுவது என்றேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“நல்ல கேள்வி சார்,” என்றார். “இத யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.”

அதோடு ஜன்னலில் என் வேலை முடிந்தது.

பள்ளி விட்டதும் நானும் சைரன் டீச்சரும் ஐம்பத்தோராவது பிள்ளை தேடித் தெருத் தெருவாக இறங்கினோம். எந்தப் பள்ளியிலும் சேராத, ஏழு வயது நிரம்பிய, பெற்றோர் சம்மதம் உள்ள ஒரு ஜீவன். சலவைக்கடை வாசலில் நல்ல உயரமாக ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். விசாரித்ததில் ஐந்து வயதுதான், உயரம் தாய்மாமன் வழி. முடிதிருத்துபவர் வீட்டில் சரியான வயதில் ஒரு பெண் இருந்தாள், ஆனால் தனியார் பள்ளியில் ஏற்கெனவே கட்டணம் கட்டிவிட்டார்களாம். மூன்றாவது தெருவில் ஒரு அம்மா நாங்கள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, “ஏழு வயசா? வேணும்னா எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போங்க. அறிவு அந்த அளவுதான் இருக்கு, இடமும் ரொம்ப அடைக்க மாட்டாரு,” என்றார். சைரன் டீச்சர் சிரித்தார். ஆனால் ஒரு கணம் இரண்டு பேருமே அதை யோசித்தோம் என்பதுதான் உண்மை.

இருட்டும் முன் பள்ளி வாசலுக்குத் திரும்பினோம். டீச்சர் செருப்பிலிருந்து கல்லை உதறினார். ஐம்பது பேரைச் சமாளிப்பது தனக்குப் பழகினதுதான், பயப்படாதே என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“முன்னாடி எல்லாம் யாரு காணாமப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. இனிமே தெரியும். அதான்.”

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா பாதி கேட்டதுமே, அந்தப் பொண்ணோட பேப்பரக் குடுத்துட்டு வாடா, வேலை வேற வரும் என்றாள். மீதிப் பாதியைக் கேட்டபின், அந்த இருபத்து நாலு பேரும் பிள்ளைங்கதானே என்றாள். அதற்கப்புறம் குழம்பில் உப்பு சரியா என்று மட்டும் கேட்டாள். அப்பா கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“அந்த இழுப்பறையில என்னதான்ப்பா பாப்பீங்க?” என்றேன்.

“ஒண்ணும் இருக்காது. முகத்தப் பாத்தா கை தானாக் கையெழுத்துப் போட்டுடும்டா. அதான் அங்க பாப்பேன்.” மோரை ஊற்றிக்கொண்டார். “பரிசு வாங்கினவன், உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தலைமையாசிரியை என் மேசைக்கே வந்தார். செவ்வாய்க்கிழமை நான் எழுதிய சான்றிதழ் அவர் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார். தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. அதை என் இழுப்பறைக்குள் வைத்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“நான் மறுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. என் வேலைய முடிச்சிட்டேன். தேதிய நீ போடு. இன்னைக்குப் போட்டா ஐம்பது, நாளைக்குச் சாயங்காலம் போட்டா ஐம்பத்தொண்ணு.” கதவு வரை போனவர் திரும்பினார். “ரெண்டுமே தப்பு இல்ல தம்பி. அதான் கஷ்டம்.”

மூன்றரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். அம்மாவின் தோளில் ஒரு பெரிய பை, கையில் இரண்டு. காலடியில் கயிறு கட்டிய தையல் இயந்திரத் தலை, துணியில் சுற்றியிருந்தது. ரகசியம் தலைவாரிப் புதுச் சட்டை போட்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் மணி அடிப்பதற்காகப் பையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இருபத்து நான்கு பேர். அலமாரிக்கு அந்தப் பக்கம் சைரன் டீச்சர் பாடத்தை நிறுத்தியிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் மணிக்கு முன்னால் நிறுத்தியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

ரகசியம் நேராக என்னிடம் வந்தாள். பழக்கத்தில் குனிந்தேன்.

“அங்க நான் சத்தமாவே பேசுவேன் சார்,” என்றாள் காதில்.

நல்லது என்றேன்.

“சார், அஞ்சு மணி பஸ்ஸு,” என்றார் அவள் அம்மா. “ஆயிடுச்சுல்ல?”

நான் இழுப்பறையைப் பாதி திறந்தேன். சான்றிதழ் மேலேயே இருந்தது. என் கையெழுத்து உண்மையிலேயே அழகுதான். தேதிக்கு இரண்டு எண்களும் ஒரு மாதமும் போதும், மூன்று நொடி வேலை. பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். முதல் பெஞ்சில் ஒருவன் பையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு நாளாக அவன் எட்டுப் போடும்போது இரண்டு வட்டமும் ஒட்ட மாட்டேன் என்கிறது, நாளைக்குச் சரி செய்யலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். எதிரே நின்ற அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. விரலில் ஒட்டியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். ‘ஆ’ என்று எழுதி ஒட்டிய காகிதம் ஒரு மூலையில் உரிந்திருந்ததைப் பார்த்தேன். கடைசியில் இழுப்பறையைப் பார்த்தேன்.

“நாளைக்கு வாங்க,” என்றேன்.

நடித்தபோது இவ்வளவு மெதுவாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். “காலைலயா சார்?” என்றார்.

“சாயங்காலம்.”

“சரி சார்,” என்றார். தினமும் யாராவது ஒருவர் அவரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் போல, அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் ‘சரி’. தையல் இயந்திரத்தைத் தூக்கக் குனிந்தார்.

நான் இழுப்பறையை மூட மறந்திருந்தேன். என் மேசை அவள் மார்பு உயரம்தான். ரகசியம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் எழுத்து எழுத்தாக அசைந்தன. நான் சொல்லிக் கொடுத்தபடியே, விரலை வைக்காமல், தலையை ஆட்டாமல், தன் பெயரை முழுசாக வாசித்து முடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் அவள் பக்கம் குனிந்தேன். காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அவள் வரவில்லை. அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். மணி அடித்தது. ‘அ’ பிரிவுக்காரர்கள் எங்களைத் தாண்டி வெளியே ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் என் பிள்ளைகள். சைரன் டீச்சர் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து வரவே இல்லை.

பேனாவை மூடினேன். மூடி இடது கையில் இருந்தது.